எச்சில் கொடி

மார்ட்டன்ஃபெல்ட் ஊர்க் கூடத்தின் பின்சுவர் ஓரமாக, யாரும் நடாத ஒரு திராட்சைக் கொடி, மனித எச்சிலை மட்டும் குடித்து வளர்ந்து, முளைத்த கோடையிலேயே தகரக் கூரை வரை ஏறிக் காய்த்தது. ஊராட்சி ஆள் வந்து பார்த்துவிட்டு, கழிவுநீர்க் குழாய்க்கு இடைஞ்சல் இல்லை, சுவரில் விரிசல் இல்லை, ஆகவே ஆட்சேபணையும் இல்லை என்று சொல்லிப் போனார். அது பரோசா பள்ளத்தாக்கு முழுக்க ஷிராஸ் திராட்சையின் விலை தரைதட்டிக் கிடந்த ஆண்டு. கொடியை வேரோடு பிடுங்கினால் அரசாங்கம் பணம் கொடுத்தது. தோட்டம் தோட்டமாகப் பிடுங்கிய கொடிகள் குவியலாக எரிந்துகொண்டிருந்ததால், தானாக ஒன்று முளைத்ததைப் பற்றி யாருக்கும் அதிகம் பேசத் தோன்றவில்லை.

அந்த எச்சில் வியாழக்கிழமை வட்டத்தாருடையது. ஊரின் ஒரே பல் மருத்துவரான லயனல் கிளைனிக் அந்த வட்டத்தைத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊரில் கைக்குழந்தை தவிர எல்லோரும் ஒயின் குடித்தார்கள், பாதிப் பேர் அதைச் செய்தும் விற்றார்கள். ஆனால் குடிப்பது வேறு, சுவைப்பது வேறு என்பது லயனலின் கட்சி. குடிப்பவன் விழுங்கிவிடுகிறான். சுவைக்கத் தெரிந்தவனோ ஒரு மடக்கை வாயில் வாங்கி, உதட்டைக் குவித்து அதனூடே காற்றை உறிஞ்சி, இரண்டு கன்னத்துக்கும் மாற்றி மாற்றிக் கொப்பளித்து, கண்ணை மூடி, இது எந்தச் சரிவு, எந்த வருஷம், அந்த வருஷம் மழை முந்தியதா பிந்தியதா என்று யோசித்து விடை கண்ட பிறகே துப்புகிறான். இப்படிப் பத்துப் பேர் கூடத்தின் நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து உறிஞ்சும் சத்தம் எதிர்ச்சாரியில் இருக்கும் சைக்கிள் கடை வரைக்கும் கேட்கும். மேசை நடுவில் ஒரு வெள்ளை எனாமல் வாளி. துப்பியதெல்லாம் அதற்குள் போகும், குறி தவறியது விரிப்பில் விழும். டிராக்டர் வியாபாரி பாரி ரோர்லாக் எழுந்து நின்று, எட்டத்திலிருந்தே பீய்ச்சி, நேராக வாளிக்குள் விழச் செய்வார். மருந்துக்கடை மோரீன் டல்லி குனிந்து, கைக்குட்டையை வாயோரம் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் நூல்போல விடுவாள். ஊறிப்போன ரொட்டித் துணுக்கும் பாலாடைக்கட்டியின் தோலும் மென்று சலித்த கொழுப்பும் அதே வாளிக்குள்தான் போகும். ஒன்பது மணிக்கெல்லாம் அதன்மேல் இளஞ்சிவப்பாக நுரை கட்டியிருக்கும். அந்த நுரைக்கு நடுவில் குமிழிகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் உடையும்.

லயனலின் வீட்டுக்கு அடியில், அவருடைய அப்பா உருளைக்கிழங்கு போட்டுவைத்த நிலவறையில், இப்போது புட்டிகள் படுத்திருந்தன. பிரான்சிலிருந்து வந்தவை, போர்ச்சுகலிலிருந்து வந்தவை, மூடிப்போன தோட்டங்களின் கடைசிப் புட்டிகள். அவற்றில் நல்லதை அவர் திறந்ததே கிடையாது. நோயாளி இல்லாத நேரத்தில் இறங்கிப்போய், புட்டியின் தோளை விரலால் தடவி, இது இன்னும் பத்து வருஷம் தூங்கட்டும், இது இருபது என்று சொல்லிவிட்டு ஏறி வருவார். மனைவி வெர்னாவின் தோளை அவர் தடவி ஊரில் யாரும் பார்த்ததில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

வெர்னா ஒயின் குடிப்பதில்லை. லுத்தரன் கோயிலில் எல்லோரும் குடிக்கும் நற்கருணைப் பாத்திரம் அவள் உதட்டில் படுவதோடு சரி. ஆனால் வட்டத்துக்குச் சமைப்பவள் அவள்தான். எந்த ஒயினுக்கு எந்த உணவு என்று இணை சேர்ப்பது லயனலுக்குப் பிள்ளைக்குப் பெண் பார்ப்பது மாதிரி. "இன்னைக்கு ரீஸ்லிங், வெர்னா. ஊறுகாய்ல வினிகர் தூக்கலா இருக்கக் கூடாது. போன வாரம் ஒயினையே கொன்னுட்ட" என்பார். "குறைச்சுடறேங்க" என்பாள் அவள். புகையில் வாட்டிய பன்றித் தொத்திறைச்சியும் சிவப்பு முட்டைக்கோஸும் முட்டை நூடுல்ஸும் சமைத்து, கூடத்துச் சமையலறை ஜன்னல் வழியாகத் தட்டு தட்டாக நீட்டிவிட்டு உள்ளேயே நின்றுகொள்வாள். எல்லாம் முடிந்ததும் வாளி மட்டும் மிஞ்சும். அதைத் தொட ஒருவருக்கும் மனம் வராது. நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் விரலை விட்டுச் சீழைத் துடைக்கும் லயனல், வாளிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆட்டுக் கொட்டிலைக் கையால் வழிக்கும் பாரி, "அதை மட்டும் என்கிட்ட சொல்லாதீங்கப்பா, குடல் பொரண்டுரும்" என்று எழுந்து போய்விடுவார். வெர்னாதான் மூச்சை அடக்கிக்கொண்டு அதைத் தூக்குவாள். ஒருமுறை ஊறிய ரொட்டி சமையலறைச் சாக்கடையை அடைத்துவிட்டதிலிருந்து, பின்கதவைக் காலால் தள்ளித் திறந்து, சுவரோரம் கொட்டிவிட்டு வருவது வழக்கமாயிற்று. கோடையில் அவளுக்கு முன்பே ஈக்கள் வந்து சுவரில் காத்திருக்கும்.

அந்த இடத்தில்தான் கொடி முளைத்தது. அதன் இலைகளின் அடிப்பக்கம் எப்போதும் ஈரமாக, மேடு மேடாக, மாட்டின் நாக்குப்போல இருந்தது. பழங்கள் வெதுவெதுவென்று இருந்தன. பனி உறைந்த காலையிலும் விரலால் தொட்டால் வாய்க்குள் விட்டதுபோல இருக்கும். மைனாக்கள் வந்து ஒரு பழத்தைக் கொத்திவிட்டு, அலகைச் சுவரில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு போயின, திரும்பவில்லை. பிஞ்சு விடும்போதே வெர்னா சொல்லிவிட்டாள்: "இதை வெட்டிப் போட்டுடுங்க. பாக்கவே எனக்குக் குமட்டுது." பழுக்கட்டும் பார்க்கலாம் என்றார் லயனல். பழுத்ததும் ஒன்றைப் பறித்து வாயில் போட்டவர், வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. அந்த வாரமே வட்டத்தார் எல்லோரும் வந்து குலைகளை அறுத்தார்கள். பாரியின் கொட்டகையில் பழைய பால் தொட்டி ஒன்று இருந்தது, அதில் போட்டு மிதித்துப் புளிக்கவைத்தார்கள். 'பின்சுவர்' என்று பெயர் வைத்து மோரீன் சீட்டு ஒட்டினாள். அந்தக் கொடி எதைக் குடித்து வளர்ந்தது என்பது பத்துப் பேருக்கும் தெரியும். இந்த ருசி எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களிடம், மண்ணின் குணம் என்றார்கள். எச்சில் என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

மெல்போர்னில் ஒயினைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிவந்த அலிஸ்டர் பாயின்டன் என்பவர் கையில் ஒரு புட்டி கிடைத்தது. வாய்க்குள் இன்னொரு வாய் திறப்பதுபோல இருக்கிறது என்று அவர் எழுதினார். புகழ்ச்சியாகத்தான் எழுதினார். அதன்பிறகு நீளமான கார்கள் மார்ட்டன்ஃபெல்டுக்கு வர ஆரம்பித்தன. பட்டுக் கழுத்துக்குட்டை கட்டியவர்கள் பின்சுவருக்குப் போய், மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். கிள்ளுகிற இடத்தில் போன வியாழனின் ஆலிவ் கொட்டை கிடக்கும். அதையும் ஒருவர் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனார். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் பின்சுவர் ஏலத்துக்கு வந்தது. லயனலின் பெயர் ஊரைத் தாண்டிப் போனது. வெர்னா வழக்கம்போல வாளியைக் கொட்டிக்கொண்டிருந்தாள். இப்போது கொட்டுவதற்கு முன் அதை நன்றாகக் கலக்கிவிட்டுக் கொட்டு, அடியில் தங்குவதுதான் சத்து என்று லயனல் சொல்லியிருந்தார்.

புட்டிக்குள் இரண்டு வருஷம் கிடந்த பிறகு வாய்கள் பிரிய ஆரம்பித்தன. முதலில் கண்டுபிடித்தவர் பாரி. அவருடைய அண்ணன் காலினும் வட்டத்தில் இருந்தவர். சரிவில் டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போய் எட்டு வருஷம். அந்த வியாழன் ஒரு மடக்கை வாயில் வாங்கிய பாரி, துப்பாமல் விழுங்கிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "இது காலின்" என்றார். சோம்பு மிட்டாய், சுருட்டுத் தூள், அதற்குப் பின்னால் ஒரு உலோக ருசி என்று விவரம் சொன்னார். லயனல் உறிஞ்சிப் பார்த்து, கொப்பளித்து, யோசித்து, துப்பினார். "மேல் வரிசை, இடது பக்கக் கடைவாய்ப் பல்லு. நான் அடைச்ச வெள்ளிதான்டா அது. சந்தேகமே இல்ல." பாரி அந்தப் புட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், தன் வண்டியில் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். சட்டையின் முன்பக்கம் நனையும்படி அழுதார். மறுநாளிலிருந்து அந்த வருஷத்துப் புட்டி எங்கே கிடைத்தாலும் வாங்கினார். அண்ணன்மேல் எவ்வளவு பாசம் என்று ஊர் உருகியது. சமையலறைக்குள்ளிருந்து இதையெல்லாம் கேட்ட வெர்னாவுக்கு மட்டும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு வட்டத்துக்கு வேறு விளையாட்டு தேவைப்படவில்லை. நாகரிகமானவர்களாதலால் யாரும் பெயர் சொல்வதில்லை. கடைசியில் கொஞ்சம் அழுகல் வாடை தெரிகிறது, ஆனால் உறுத்தவில்லை என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் வட்டத்தில் ஒருவரான வங்கி மேலாளரின் ஈறுகளை நினைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். யார் மருத்துவர் பேச்சைக் கேட்காமல் புகைத்தார், யார் வீட்டிலேயே குடித்துவிட்டு வந்தார், யாருடைய வாய் வியாழனுக்கு வியாழன் உள்ளுக்குள் அழுகிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் ஒயினில் இருந்தது. பயிற்சி பெற்ற நாக்குகள் அதைத் தடவித் தடவிக் கண்டெடுத்து, பூப்பெயரும் பழப்பெயரும் வைத்துச் சொல்லி மகிழ்ந்தன. ஒரு ருசியை மட்டும் எல்லோரும் ஒருமனதாகக் கொண்டாடினார்கள். லவங்கமும் வயலெட் பூவும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்ட ருசி. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத இணை என்று பாயின்டன் எழுதினார். லயனலே அதை அதிகம் புகழ்ந்தார். புகழும்போது அவர் கண் கலங்கும். மோரீன் தன் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படி வாய்களைக் கண்டெடுக்கத் தொடங்கிய மூன்றாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாயின்டன் மெல்போர்னிலிருந்து ஒயின் சேகரிப்பாளர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு, கூடத்தில் வட்டத்தார் வைத்த விருந்துக்கு வந்தார். வெர்னா இரண்டு நாளாகச் சமைத்தாள். பன்றி முழங்கால், முட்டைக்கோஸ், கடைசியில் கறுப்புத் திராட்சைச் சாற்றில் ஜவ்வரிசி போட்டுக் கிண்டிய இனிப்பு. வரவேண்டியவர்களில் ஒருவர் வராததால் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. காலி நாற்காலி லயனலின் கண்ணை உறுத்தியது. பரிமாறி முடித்ததும் வெர்னாவை வந்து உட்காரச் சொன்னார். சமையல் மேலங்கியோடே உட்கார்ந்தாள். சமைத்தவர் சுவைக்காமல் இணை முழுமையாகாது என்று பாயின்டன் தானே எழுந்து அவள் கோப்பையில் பின்சுவர் ஊற்றினார். அந்தக் கொடிக்கு அத்தனை வருஷம் ஊற்றியவள், அதன் ஒயினை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயில் வைத்தாள்.

உறிஞ்சவும் கொப்பளிக்கவும் அவளுக்குத் தெரியாது. சும்மா வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு விழுங்கிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"இது உங்க வாய்ங்க, அந்த லவங்கத் தைல வாசம்" என்றாள்.

மேசையைச் சுற்றி மெல்லிய சிரிப்பு எழுந்தது. லயனல் பெருமையாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார். வெர்னா இன்னொரு மடக்கு குடித்தாள். இந்தத் தடவை அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"மோரீன், நீ சப்புவியே அந்த வயலெட் மிட்டாய்." மோரீன் நிமிரவில்லை. "ரெண்டும் சேந்தே இருக்கு. வாளிக்குள்ள விழுந்து கலந்ததில்ல இது. அதுக்கு முன்னாடியே கலந்தது."

மெல்போர்ன்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பாயின்டனுக்கு ருசியைப் பற்றிச் சொன்னது வரைக்கும்தான் புரிந்தது. அவர் உற்சாகமாகிவிட்டார். "அடடா, எவ்வளவு சரியா சொல்லிட்டீங்க மேடம். அந்த இணையைத்தான் நாங்க ரெண்டு வருஷமா எழுதிட்டிருக்கோம்."

"ரெண்டு வருஷமாவா?" என்று கேட்டு, வெர்னா மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வங்கி மேலாளர் ரொட்டியைக் கிள்ளினார். கடைசியில் அவள் பார்வை பாரியிடம் வந்து நின்றது. சின்ன வயசிலிருந்து தெரிந்தவர், அவள் கல்யாணத்தில் லயனலுக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். "உனக்குமா தெரியும் பாரி?"

பாரி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாக்குக்குத் தெரிஞ்சுடுது வெர்னா. சொல்றதுக்குத்தான் வாய் வரல."

"நல்லா இருந்துச்சா?"

பாரி பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் பொய் பேசிப் பழக்கமில்லாதவர். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

லயனல் தொண்டையைச் செருமினார். "வெர்னா, விருந்தாளிங்க இருக்காங்க."

"இருக்கட்டும். நீ பேசாத" என்றாள் வெர்னா. எழுந்து வாளியைத் தன் பக்கம் இழுத்தாள். அத்தனை வருஷமாக அதற்குள் துப்பியவர்கள் எல்லோரும் ருசித்துத் துப்பியவர்கள். அவள் அடித்தொண்டையிலிருந்து காறித் துப்பினாள். பிறகு, பழக்கத்தின் காரணமாகவோ என்னவோ, வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்ச் சுவரோரம் கொட்டி, அங்கேயே கவிழ்த்துப் போட்டுவிட்டு, மேலங்கியோடே வீட்டுக்கு நடந்து போனாள். ஜவ்வரிசி இனிப்பு ஆறிக்கொண்டிருப்பதை மேசையில் இருந்த ஒருவர் நினைவூட்ட, அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, இதற்குப் பின்சுவர் பொருந்துமா அல்லது இன்னும் கொஞ்சம் இனிப்பான ஒயின் வேண்டுமா என்று பேச ஆரம்பித்தார்கள்.

வெர்னா சமையல் சோடாவால் வாயைக் கொப்பளித்தாள், பச்சை வெங்காயத்தைக் கடித்தாள், டீயைச் சூடாக ஊற்றிக்கொண்டாள். வயலெட் போகவில்லை. கோயிலில் பொதுப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு, தனக்கு மட்டும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் தரும்படி போதகரிடம் கேட்டுக்கொண்டாள். ஒருநாள் மோரீன் வந்து வலைக்கதவுக்கு வெளியே நின்றாள். எப்போது தொடங்கியது, எப்படித் தொடங்கியது என்று சொல்ல வந்தவளை வெர்னா சொல்ல விடவில்லை. "உன்மேல எனக்குக் கோவம்கூட வரல மோரீன். உன் வாய் என் வாய்க்குள்ள வந்துடுச்சு. அதைத்தான் தாங்க முடியல. போயிடு." மோரீன் அந்த மாதமே மருந்துக்கடையை விற்றுவிட்டு அடிலெய்டுக்குப் போனாள். லயனல் அவள் பின்னால் போகவில்லை. நிலவறையை விட்டுப் போக அவரால் முடியாது என்று ஊரில் சொன்னார்கள். வெர்னாவும் வீட்டை விட்டுப் போகவில்லை. எங்கே போவது என்று அவளுக்கே தெரியவில்லை. முன்பக்கம் நோயாளிகள் உட்காரும் அறையில், நீண்ட சோபாவில் படுத்துக்கொண்டாள். தனக்கு மட்டும் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டாள். லயனல் டப்பா சூப்பைச் சூடாக்கக் கற்றுக்கொண்டார். கீழே நிலவறையிலிருந்து அவர் தனியாக உறிஞ்சிக் கொப்பளிக்கும் சத்தம் தரை வழியாக மேலே வரும்.

விருந்துக்கு அடுத்த வியாழன் வட்டத்தார் கூடினார்கள். வாளியைக் கொட்டத்தான் ஆளில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். சீட்டு விழுந்த வங்கி மேலாளர் வாளிக்குப் பக்கத்தில் போய் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, வட்டத்தை விட்டே விலகிக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார். அதே எச்சிலில் விளைந்த ஒயினுக்குத் தன் காரை விற்றவர் அவர். வேறு வழியில்லாமல் எல்லோரும் விழுங்க ஆரம்பித்தார்கள். விழுங்கியதும் மற்ற மனிதர்களைப்போல அவர்களுக்கும் ஏறியது. பாட்டுப் பாடினார்கள், பழைய வரப்புத் தகராறுகளைக் கிளறினார்கள், ஒருவர் இன்னொருவரின் கழுத்துக்குட்டையைப் பிடித்து இழுத்தார். குளிர்காலம் முடிவதற்குள் வட்டம் கலைந்துவிட்டது.

யாரும் ஊற்றாத கொடி பட்டுவிடும் என்றுதான் ஊர் நினைத்தது. அது துளிர்த்தது. இலைகளின் அடிப்பக்கம் முதல் தடவையாகக் காய்ந்திருந்தது. பழம் சிறுத்து, தோல் தடித்து, வெளியே அனல் அடித்த நாளிலும் ஆணிபோலச் சில்லென்று இருந்தது. தொட்டி சும்மா கிடக்கிறதே என்று பாரி அதையும் பறித்து ஒயினாக்கினார். குடித்துப் பார்த்த அத்தனை பேருக்கும் முதல் மடக்கிலேயே தெரிந்தது. ஆறிய டீ, ஊறுகாயில் போடும் சோம்புக் கீரை, அதற்குப் பின்னால் அடித்தொண்டையிலிருந்து எழும் ஒரு அருவருப்பு. வெர்னா ஒரே ஒரு தடவை துப்பியது, இருபது வருஷமாகப் பத்துப் பேர் துப்பியதை மூடிவிட்டிருந்தது.

அந்த ஒயினைக் குடித்தவர்களுக்கு ஒயின்மேல் குமட்டல் வரவில்லை. தங்களுக்கு மிக அருகில் இருப்பது எதுவோ அதன்மேல் வந்தது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் களவாகச் சர்க்கரை கலந்து வைத்திருந்த தன் தொட்டி ஒயினை ஓடையில் திறந்துவிட்டார். போதகர் பிரசங்கத்தின் நடுவில் தன் குரலைத் தானே கேட்கச் சகிக்காமல் நிறுத்திவிட்டு இறங்கினார். சபையார் வெகுநாளைக்குப் பிறகு நேரத்தோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். பாரி தன் கொட்டகையில் அடுக்கிவைத்திருந்த காலினின் புட்டிகள் முன்னால் நின்றார். செத்தவன் வாயை மூன்று வருஷமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது உறைக்க, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் பக்கத்தில் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்தார். சில மனைவிமார் புருஷன் காபியில் ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இருந்ததாகத்தான் சொன்னார்கள். ஓராண்டு மார்ட்டன்ஃபெல்ட் கொஞ்சம் சுத்தமாக இருந்தது.

பிறகு பாயின்டன் வந்தார். ஒரு மடக்கு குடித்தார், வெளியே ஓடினார், காரின் சக்கரத்தோரம் வாந்தி எடுத்தார், வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து இன்னொரு கோப்பை கேட்டார். இவ்வளவு நேர்மையான, இவ்வளவு நேரம் தொண்டையில் நிற்கும் ஒயினைத் தன் வாழ்நாளில் சுவைத்ததில்லை என்று எழுதினார். பின்சுவருக்குக் கொடுத்ததைவிட அதிக மதிப்பெண் கொடுத்தார். சேகரிப்பாளர்கள் மொத்தத்தையும் வாங்கி நிலவறைகளில் படுக்கவைத்தார்கள். மெல்போர்னில் ஒரு உயர்ந்த உணவகத்தில் அந்த ஒயினுக்கு இணையாக வெறும் தட்டைப் பரிமாறினார்கள். தட்டுக்கும் தனியாகக் காசு வாங்கினார்கள். பாரி இதைச் சொன்னபோது வெர்னா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "அதுலயும் ருசி கண்டுட்டாங்களா" என்றாள். அன்றைக்குக் காயப்போட்ட துணியை இரண்டு நாள் எடுக்காமலே விட்டாள்.

ஊரில் அந்த ஒயினைச் சுவைக்காதவர் லயனல் ஒருவர்தான். வட்டம் கலைந்த கோபத்தில் பாரியோடு பேசாமல் இருந்தார். கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை பாரியே, தனக்கென்று ஒதுக்கிவைத்திருந்த ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறை மேசையில் வைத்தார். வெர்னா பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. லயனல் ஊற்றினார். வெளிச்சத்தில் சாய்த்து நிறம் பார்த்தார், மூக்கை உள்ளே விட்டார், ஒரு மடக்கு வாங்கி உறிஞ்சினார். குமட்டல் வந்ததாகத் தெரியவில்லை. கோப்பையிலேயே திருப்பித் துப்பினார். அவர் முகத்தில் பழைய நாட்களின் ஒளி வந்துவிட்டது.

"பெரிய ஒயின்டா இது, பாரி. சாதாரணமானது இல்ல. என்ன கட்டுப்பாடு, என்ன கசப்பு. யாரு வாய் இது?"

"நீதான் சொல்லணும்" என்றார் பாரி.

லயனல் மறுபடி வாங்கி, கொப்பளித்து, துப்பினார். "சோம்புக் கீரை இருக்கு. டீ இருக்கு. பல்லுல நாலஞ்சு அடைப்பு இருக்கு, நல்ல வேலைப்பாடு, என் வேலை மாதிரிதான் இருக்கு. ஆனா ஆளு பிடிபடலையே. வட்டத்துல இருந்த யாரும் இல்ல."

உருளைக்கிழங்கு சீவும் சத்தம் நின்றுவிட்டிருந்தது. "நல்லா யோசிடா" என்றார் பாரி. கெஞ்சுவதுபோல இருந்தது அவர் குரல்.

"யோசிச்சாச்சுடா. எனக்குத் தெரிஞ்ச வாயே இல்ல இது. ஒரு தடவை பழகியிருந்தாக்கூட மறந்திருக்க மாட்டேன்." இப்படிச் சொல்லிவிட்டு மூன்றாவது மடக்கை வாய் நிறைய வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார்.

வெர்னா கையைத் துடைத்தாள். முன்னறைக்குப் போய்ச் சிறிது நேரத்தில் ஒரு பெட்டியோடு வந்தாள். லயனல் கண்ணைத் திறக்கவில்லை. "பாரி, என்னை பஸ்ல ஏத்திவிட்டுடறியா?" என்று கேட்டாள். பாரி ஏற்றிவிட்டார். வழியில் அவள் அழவில்லை என்றும், வண்டியின் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, வாயைத் திறந்து காற்று வாங்கிக்கொண்டே வந்தாள் என்றும் பாரி பிற்பாடு சொன்னார். போர்ட் லிங்கனில் கடலைப் பார்த்த ஒரு விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்தது. அங்கே மீன் பிடிக்கிறவர்கள் பீர் குடித்துக்கொண்டு போட்டதைச் சாப்பிட்டார்கள். எதோடு எது சேரும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

லயனல் அந்த மூன்றாவது மடக்கைத் துப்பவில்லை. விடை தெரியாமல் துப்புவது அவருடைய கொள்கைக்கு விரோதம். அன்று மாலையும் அது அவர் வாயிலேயே இருந்தது. திங்கட்கிழமை உப்பிய கன்னத்தோடு நோயாளிகளைப் பார்த்தார். ஒயினை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மறு கன்னத்தால் சாப்பிடப் பழகினார். அது குறையவும் இல்லை, கெடவும் இல்லை. குனிந்து பல் பிடுங்கும்போது சில நேரம் உதட்டோரமாக ஒரு சொட்டு கசிந்து நோயாளியின் கன்னத்தில் விழும். அதற்கென்று எல்லோரும் கைக்குட்டை கொண்டுவந்தார்கள். முதலில் சில பேர் அடுத்த ஊரான தனுண்டாவுக்குப் போய்ப் பார்த்தார்கள், பிறகு தூரம் என்று திரும்பி வந்துவிட்டார்கள். பேசாத பல் மருத்துவர் ஒருவகையில் நல்லது என்று ஊரில் முடிவாயிற்று. தெருவில் நடந்து போகும்போது திடீரென்று நின்று, கண்ணை மூடி, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றுவார். கூட நடப்பவர்கள் காத்திருப்பார்கள். தலையை இல்லை என்று ஆட்டிவிட்டு மேலே நடப்பார்.

பதினோரு வருஷம் கழித்து, வாயை மூடியபடியே அவர் செத்துப்போனார். உடலைத் தயார் செய்ய வந்தவருக்கு வாயில் இருப்பதை என்ன செய்வதென்று தெரியவில்லை. விவாகரத்து ஆகாததால் வெர்னாவைத்தான் கேட்க வேண்டியிருந்தது. போர்ட் லிங்கனுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, வெளியே எடுத்துவிடலாமா என்று கேட்டார். பின்னால் பாத்திரங்கள் கழுவும் சத்தம் கேட்டது.

"யாருன்னு கடைசியா கண்டுபிடிச்சாரா?" என்று கேட்டாள் வெர்னா.

அது தனக்குத் தெரியாது, ஆனால் நெற்றி இன்னும் யோசிக்கிற மாதிரி சுருங்கித்தான் இருக்கிறது என்றார் அவர்.

"அப்ப அப்படியே விட்டுடுங்க" என்றாள்.

அப்படியே விட்டுப் புதைத்தார்கள்.